ஆளில்லாத சடை

தென்காசியில் எல்லாத் தெருவிலும் விளக்கு வைத்து முடித்து, கோயில் மணியும் அடித்து ஓய்ந்து, காக்கைகள் எல்லாம் அடைந்த பிறகுதான் எங்கள் நந்தவனத் தெருவில் முதல் விளக்கு எரியும் என்று ஒரு காலம் இருந்தது. சோம்பேறித் தெரு என்று அடுத்த தெருக்காரர்கள் பேர் வைத்தார்கள், மூதேவி பிடித்த தெரு என்றுகூடச் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் வாயை நான் தைக்க முடியுமா, நான் பிளவுஸ் மட்டும்தான் தைக்கிறேன். ஏன் அப்படி ஆனது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். அதையெல்லாம் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான், என் பேர் கோமு, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உலகம்மாள் எனக்கு மதினி முறை. ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் வந்த முறை. அவள் பீடி சுற்றுகிறவள். புருஷன் போன பிறகு காலையில் இலையும் தூளும் வைத்த சொளவு முறத்தை மடியில் வைத்தாள் என்றால், இலையை வெட்டுவதும் தூளை வைத்து உருட்டுவதும் முனையை மடக்குவதும் நூலைச் சுற்றுவதுமாக அந்தி வரைக்கும் அந்த விரல்கள் நிற்காது, சோறு தின்கிற நேரத்திலும் இடது கை எதையாவது உருட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த விரல்கள் செய்யாத ஒரே வேலை மகள் பூரணிக்குத் தலை பின்னுவதுதான். பூரணிக்கு முடி என்றால் அப்படி ஒரு முடி, எந்த வழியில் வந்ததோ, ஆத்தாளுக்கு எலிவால் அளவுதான் இருந்தது, அந்தப் பிள்ளைக்கோ உட்கார்ந்தால் தரையில் புரளும், அதிலும் பிடரிக்குக் கிட்டே ஒரு கொத்து மட்டும் செம்பட்டையாக இருக்கும். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவளே வாரி அவளே பின்னிக்கொண்டு போவாள். பின்னி விடும்மா என்று சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், கையெல்லாம் புகையிலைத் தூளா இருக்கு, போ, உன் கல்யாணத்தன்னைக்கு மொத்தமா பின்னி விடுதேன் என்று உலகம்மாள் விரட்டிவிடுவாள்.

அது வாய்ச்சொல்லுக்குச் சொன்னது இல்லை. எங்கள் தெருவில் வழக்கம் அப்படி. முகூர்த்தத்துக்கு உட்காருகிற பெண்ணுக்குப் பவுடர் போட யார் வேண்டுமானாலும் வரலாம், மருதாணி வைக்க ஊரே வரலாம், சடையை மட்டும் பெற்றவள்தான் பின்ன வேண்டும். உச்சிக்குக் கீழே ராக்கொடி வைப்பதில் தொடங்கி, சடைவில்லைகளைப் பெரிசிலிருந்து சின்னதாக வரிசை பிடித்துக் கோத்து, இரண்டு பக்கமும் பூவைச் சுற்றி, நுனியில் குஞ்சலம் கட்டி முடிக்கிற வரைக்கும் கை மாறக் கூடாது. அதற்காகவே உலகம்மாள் சிவப்புக் கல் வைத்த சடைச் செட்டு ஒன்றை, பூரணி பத்தாவது படிக்கும்போதே வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து மூடி வைத்திருந்தாள். அதை எடுத்துப் பார்ப்பாள், துடைப்பாள், திரும்ப மூடிவிடுவாள். எப்படி மாட்டுவது என்று அவளுக்குத் தெரியாது.

அந்தப் பூரணிதான் ஒரு நாள் காலையில் டைல்ஸ் ஒட்டுகிற ஒரு பையனோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். பையன் வேறு ஆட்கள். மோசமான பையன் என்று சொல்ல நாக்கு வராது, எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் தரை அவன் ஒட்டியதுதான், இன்றைக்கு வரைக்கும் ஒன்று பெயரவில்லை. அதெல்லாம் அன்றைக்கு யார் காதில் ஏறும்? உலகம்மாள் தெருக்குழாய்க்கு வந்தாள், குடத்தை நிறைத்தாள், நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தண்ணீரைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். பெற்ற மகளை உயிரோடு தலை முழுகியாகிவிட்டது. தலை முழுகினால் அதற்குப் பிறகு அந்தப் பேரை வாயால் சொல்லக் கூடாது, அவள் வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது, வா என்று கூப்பிடவும் கூடாது. செய் என்று எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. கோபம், வைராக்கியம், நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற வீம்பு, எல்லாம் சேர்ந்து அவளைச் செய்ய வைத்தது, அவள் ஈரச் சேலையோடு உள்ளே போய்ச் சொளவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீம்பு எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒரு மழைக்காலம் நின்றது. அதற்குப் பிறகு பார்த்தால், தினமும் சாயங்காலம் பீடிக் கட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, புகையிலை வாடை போகிற மட்டும் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, நடு வீட்டில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதற்குப் பின்னால் முக்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, டப்பாவைத் திறந்து வைத்து, உலகம்மாள் வெறும் காற்றில் சடை பின்னிக்கொண்டிருந்தாள். மூன்று கால் எடுத்து மாற்றி மாற்றிப் போடுவாள், ராக்கொடியைக் காற்றில் வைத்துப் பார்ப்பாள், அது டணார் என்று கீழே விழும், எடுத்துத் துடைத்து மறுபடியும் வைப்பாள். என்ன மதினி இது, யாருக்கு என்று நான் கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பழகிக்கிடுதேன்” என்றாள்.

சரி, மறை கழன்றுவிட்டது என்று நினைத்தோம். பகவதி, அவள் பூக்கட்டி விற்கிறவள், எதிர் வீடு, மாந்திரீகம் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டாள். அதற்குள் ஆடி பிறந்தது, குற்றாலத்துச் சாரல் தெருவரைக்கும் வந்து நனைக்கிற ஒரு சாயங்காலம், நான் கொக்கி வைத்த பிளவுஸைக் கொடுக்க உள்ளே போனேன், அப்போது மணைக்கு மேலே, ஒரு பெண் உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, கருகருவென்று முடி இறங்கித் தரையில் புரண்டுகொண்டிருந்தது. உலகம்மாள் சீப்பால் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். பிடரி இருக்க வேண்டிய இடத்தில் செம்பட்டைக் கொத்து தெரிந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், நுனியில் சில்லென்று இருந்தது, மேலே போகப் போக ஆள் சூடு.

என்ன மதினி, முடி இப்படி வறண்டு கிடக்கு என்று கேட்டேன். இப்பதான் வந்துச்சு, உள்ள போயி எண்ணெய்க் கிண்ணத்த எடுத்துட்டு வா என்றாள். எடுத்து வந்து கொடுத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

மறுநாள் தெருவே அங்கேதான் இருந்தது. முடி வந்ததைப் பற்றி யாரும் வாயைப் பிளக்கவில்லை, பிளக்க நேரம் எங்கே இருந்தது, நேர் வகிடா கோண வகிடா, மூன்று காலா ஐந்து காலா, நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா என்று அவளவளுக்கு ஒரு அபிப்பிராயம். உப்புத் தண்ணீரில் குளிக்கிறாள், முடியைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள் ஒருத்தி. சிமெண்டுத் தூசி இருக்கிறது, புருஷன் அந்த வேலையைத்தான் செய்கிறான், சட்டையைத் துவைக்கிறவள் தலையிலும் ஏறத்தானே செய்யும் என்றாள் இன்னொருத்தி. இத்தனை குளிர்ச்சியாக இருக்கிறதே, மலையை ஒட்டின ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று பகவதி சொன்னாள். தலை முழுகினவளைத் தொடலாமா என்று யாரோ ஒரு கேள்வியைப் போட, பேரைச் சொல்லவில்லை, வாசல்படியை மிதிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை, அதுவாக வந்த முடிக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. உலகம்மாளும் கெட்டிக்காரி, கடைசி வரைக்கும் அதை ‘இது’ என்றுதான் சொன்னாள். இது இன்னைக்கு நேரத்தோட வந்துட்டு என்பாள், இதுக்குச் சடை பிடிச்சிருக்கு என்பாள்.

வம்பு விளக்கில் வந்தது. விளக்கு வைத்த பிறகு தலையில் சீப்பு படக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். உலகம்மாள் பாதிச் சடையில் இருக்கும்போது எதிர்த்த வீட்டில் பகவதியின் மாமியார் பாட்டுக்கு விளக்கை ஏற்றிவிட்டாள், ஏற்றின மாத்திரத்தில் முடி உலகம்மாள் விரல்களுக்குள்ளே இருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. கை மட்டும் அப்படியே நின்றது. அவள் அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள், புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை, அந்த அழுகையைப் பார்த்துவிட்டு எந்த வீட்டில் சோறு இறங்கும்?

அதனால் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசி, உலகம்மாள் வீட்டிலிருந்து ‘ஆச்சு’ என்று குரல் வருகிற வரைக்கும் தெருவில் யாரும் விளக்கு வைப்பதில்லை என்று முடிவானது. பூசாரி முதலில் முறைத்தார், பிறகு பிள்ளையாருக்கு இருட்டு ஒன்றும் புதிது இல்லை என்று இறங்கி வந்தார். கரண்டு ஆபீஸ் துரைப்பாண்டி தெருவிளக்கு சுவிட்சுக்கு நான் பொறுப்பு என்றான். எஸ்தர் டீச்சர் வீட்டில் விளக்கு வைக்கிற வழக்கமே கிடையாது, ஆனாலும் அவர்கள் டியூப் லைட்டைப் போடாமல், டியூஷன் பிள்ளைகளை இருட்டில் உட்கார வைத்து வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வைத்தார்கள். வாய்ப்பாடு சொல்ல வெளிச்சம் எதற்கு என்பது டீச்சர் கட்சி. அப்படித்தான் எங்கள் தெரு தாமதமாக வெளிச்சம் பார்க்கிற தெரு ஆனது.

சரி, நேரம் கிடைத்தது, வித்தை வர வேண்டாமா? உலகம்மாளுக்குச் சடை பின்ன வரவில்லை. பீடி உருட்டிப் பழகின கை, எதைப் பிடித்தாலும் இறுக்கிவிடும், முதலில் அவள் போட்ட சடை கிணற்றுக் கயிறு மாதிரி இருந்தது. ராக்கொடி ஒரு பக்கம் சாயும், வில்லைகள் தலைகீழாகத் தொங்கும், பெரிசு கீழேயும் சின்னது மேலேயுமாகக் கோத்துவிட்டு நாக்கைக் கடிப்பாள். கை மாறக் கூடாது என்பதால் எங்களில் ஒருத்தியும் தொட முடியாது. சுற்றி நின்றுகொண்டு, தளர்த்தி எடுங்க, அந்தக் காலை இந்தப் பக்கம் கொண்டாங்க, ஐயோ அது இல்லை இது என்று கையைப் பிசைந்துகொண்டு கத்துவதைத் தவிர எங்களால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் எழுந்து வந்தே விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிரித்துப் பிரித்துப் பின்னுகிற சத்தம், வில்லைகள் உரசுகிற சத்தம், கேட்டுக்கொண்டே இருந்தது, நான் திரும்பப் போய் நின்றேன்.

ஒவ்வொரு நாளும் பின்னி முடித்து, பார்த்து, பெருமூச்சு விட்டு, சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் வைத்த பிறகுதான் ‘ஆச்சு’ என்பாள். ஒரு நாள் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள், விஷயம் தெரியாமல், பால் காய்ச்சி விளக்கை ஏற்றிவிட்டார்கள். முடி போனது, நுனியில் கட்டியிருந்த குஞ்சலமும் அதோடு போனது. மறுநாள் முடி வந்தபோது, குஞ்சலம் நுனியிலேயே இருந்தது, விழுந்துவிடாமல் ஒரு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. உன் சாமான் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டாளே என்று உலகம்மாளுக்கு முகம் செத்துப்போனது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எஸ்தர் டீச்சர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, உலகம்மா, வகிட்டைப் பார் என்றார்கள். பார்த்தோம். அன்றைக்கு முடியில் ஒரு சிக்கு கிடையாது. எண்ணெய் வைத்து, நன்றாக வாரி, நடு வகிடு எடுத்து, மூன்று காலாகப் பிரித்து, பின்ன வேண்டியது மட்டும்தான் பாக்கி என்று ஆயத்தமாக வந்திருந்தது. எந்த ஊரிலோ, எந்த வீட்டிலோ, அந்தப் பிள்ளை இந்த நேரத்துக்குத் தலை வாரிக்கொண்டு, தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எங்களுக்கு விளங்கியது. உலகம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்ன ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு கை வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆசைப்பட்டவர்களுக்கு வரும். அதோடு இன்னொன்றும் நடந்தது, முடி நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டே போனது, கைக்கு அடங்கின சடை கைக்கு அடங்காமல் போனது, பளபளவென்று மினுங்கியது, ஒரு முடி உதிரவில்லை. எங்களுக்குப் பிடித்த பெருமையைக் கேட்காதீர்கள். கரிசலாங்கண்ணி போட்டு நான் காய்ச்சின எண்ணெய் என்று நான் சொன்னேன், இல்லை, என் செம்பருத்தி என்று பகவதி சொன்னாள், அந்த எண்ணெயில் ஒரு கரண்டி கொடுங்கள் என்று வாய்க்கால் கரைத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இத்தனை அடர்த்திக்கு இருக்கிற வில்லைகள் காணாது என்று அவளவள் கல்யாணத்து வில்லைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். தை மாதத்தில் ஒரு சாயங்காலம், மல்லிகையும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் பகவதி அள்ளிக் கொடுக்க, உலகம்மாள் உச்சியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், கை மாறாமல், எழுந்திருக்காமல், முழு அலங்காரச் சடையையும் முதல் தடவையாகப் பின்னி முடித்தாள். எங்கள் தெருவில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது, அப்படி ஒரு சடையை நாங்கள் பார்த்தது இல்லை. அன்றைக்கு மட்டும் பூவைக் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை, சாமான்களை மட்டும் பைய உருவிக்கொண்டு, பூவோடேயே அனுப்பினாள்.

சடை முடிந்தால் ஆளும் வந்துவிடுவாள் என்று நாங்கள் எல்லோரும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தோம். வரவில்லை. மறுநாளும் முடிதான் வந்தது. உலகம்மாள் முடியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே ஒன்றுமில்லாத அந்த இடத்தை, முகம் இருக்க வேண்டிய அந்த வெறும் இடத்தை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பகவதிக்குத் தாங்க முடியவில்லை. விளக்கை ஏற்றுகிறேன் மதினி, நீங்கள் விடாதீர்கள், இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், போகும்போது ஒரே இழுப்பாக இழுத்தால் ஆளே வந்துவிழுவாள் என்றாள். கூடியிருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றோம். உலகம்மாள் சடையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அதுக்குத் தலை வலிக்கும்லா” என்று சொல்லிவிட்டு, விட்டுவிட்டாள்.

பங்குனி பாதியில் முடி வரவில்லை. ஒரு நாள் வரவில்லை என்றால் ஊருக்குப் போயிருப்பாள் என்று சொல்லலாம். வாரம் ஆனது, மாதம் ஆனது, சித்திரை போய் வைகாசியும் வந்தது. உலகம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வெறும் மணைக்குப் பின்னால் உட்காருவாள், நாங்கள் இருட்டில் அவரவர் வாசலில் உட்கார்ந்திருப்போம், ‘ஆச்சு’ என்கிற குரல் வருவதற்குச் சில நாள் வெகு நேரம் ஆகும். முடி வராவிட்டால் தலைக்கு என்ன ஆனது என்று நினைக்காமல் எப்படி இருக்க முடியும், அதை வாயால் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. போய்ப் பார்க்கலாமே என்று கேட்கக்கூட வழி இல்லை, எந்த ஊர் என்று தெரியாது, தெரிந்தாலும் உலகம்மாள் மகள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டாள். அவள் இளைத்துப்போனாள், பிளவுஸைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவள் ஒருத்தியின் ஏக்கம் தெரு முழுவதும் பரவி, யார் யாரோ எப்போதோ பிரிந்து போனவர்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் பம்பாயில் இருக்கிற என் தங்கச்சியை நினைத்துக்கொண்டேன்.

ஆடி திரும்பி வந்தபோது முடியும் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்ன கோலத்தில் வந்தது என்கிறீர்கள், வகிடு கிடையாது, எண்ணெய் கிடையாது, வாரி எத்தனை நாளோ, சிக்கும் சடையுமாக, ஒரு பழைய ரப்பர் பேண்டில் மொத்தமாகச் சுருட்டி முடிந்திருந்தது. உலகம்மாள் ரப்பர் பேண்டை மெதுவாக உருவி, சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள், கொத்தாகச் சீப்போடு வந்துவிட்டது. விரலால் கோதினாள், விரல் நிறைய வந்தது. ஐயோ, என்ன நோயோ என்று நான் வாயில் கை வைத்தேன். உலகம்மாள் அந்தக் கொத்தை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். பால் வாடை அடித்தது.

“கோமு, பிள்ளை முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிருக்கு” என்றாள்.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பெற்றவளுக்கு மூன்றாம் மாதம், பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போது முடி கொட்டும். அதற்கு முன்னால், வயிற்றில் இருக்கிறவரைக்கும், முடி மதமதவென்று அடர்ந்து நிற்கும். நான் இரண்டு பெற்றவள், பகவதி நாலு பெற்றவள், தெருவில் பெறாதவள் எஸ்தர் டீச்சர் ஒருத்திதான், இத்தனை பேரும் அந்த முடியைத் தினமும் தடவிப் பார்த்துவிட்டு, என் எண்ணெய், உன் எண்ணெய் என்று சண்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். உலகம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். ஏழாம் மாதம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். தையில் விழுந்தது. அலங்காரச் சடை பின்னி, மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துப் பூவோடு அனுப்பின அந்த நாள். ஏழாம் மாதத்துக்குத் தாய் வீட்டில் பூ முடிக்க வேண்டும், முடித்திருக்கிறோம், முடிக்கிறோம் என்று தெரியாமலே முடித்திருக்கிறோம். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன்.

உலகம்மாள் டப்பாவைத் திறக்கவில்லை. மணைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, ஒவ்வொரு சிக்காக, ஒரு முடி வலிக்காமல் எடுத்தாள், எடுத்துக்கொண்டே, யார் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது, யார் மருந்து இடித்துக் கொடுத்தது, யார் வயிற்றுக்குத் துணி கட்டிவிட்டது, ராத்திரி பிள்ளை அழுதால் யார் எழுந்திருக்கிறது என்று எனக்கும் இல்லாமல் அதற்கும் இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவள் கண்ணிலிருந்து வழிந்தது எல்லாம் அந்த முடியில்தான் விழுந்தது. சிக்கு எடுத்து, மூன்று காலாகப் பிரித்து, கல்யாணச் சடை இல்லை, சும்மா வீட்டுச் சடை, அதைத் தளரத் தளரப் பின்னிக்கொண்டு வந்தாள். பாதி பின்னியிருப்பாள். அப்போது மேலே இருந்து முடி வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். திரும்பவும் ஒரு இழுப்பு, குட்டியாக, பலம் இல்லாமல், ஆனால் பிடித்த பிடியை விடாமல். கைப்பிள்ளைகள் தாய் முடியை எட்டிப் பிடித்து இழுக்குமே, அந்த இழுப்பு. உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன்.

சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, “பூரணி” என்றாள்.

தலை முழுகின பிறகு அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டது அன்றைக்குத்தான். சொன்னவளே ஒரு நிமிஷம் பயந்த மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது, டீச்சர் வீட்டில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள். உலகம்மாள் பாதிச் சடையை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“கோமு, விளக்க ஏத்து.”

நான் மாட்டேன் என்றேன். சடை முடியவில்லை, பாதியில் விளக்கு வைக்கவா என்றேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று அதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருக்கும் கோமு, அதால வர முடியல, கைப்பிள்ளைக்காரி என்றாள். எந்த ஊர் என்றுகூடத் தெரியாதே, நடுவில் என்ன இருக்கிறதோ என்றேன், காலில் செருப்புக்கூட இல்லையே மதினி என்றேன், அவள் இல்லாமல் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் எப்படி இருப்பேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிள்ளை இழுக்க இழுக்க அவள் முக்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்துகொண்டிருந்தாள். நான் தீப்பெட்டியை எடுத்தேன். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பற்றியது, திரியில் வைத்தேன், திரும்பிப் பார்த்தேன், மணையும் வெறுமையாக இருந்தது, முக்காலியும் வெறுமையாக இருந்தது.

தெரு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதலில் எல்லோரும் அழுதோம், பிறகு சுற்றி முடிக்காத பீடிகளை யார் முடித்துக் கொடுப்பது என்று பேசினோம், பிறகு சபதம் முறிந்ததா இல்லையா என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. பேரைச் சொன்னது தப்பு என்றார் பூசாரி. ஒரு தடவைதானே என்றாள் பகவதி. வாசல்படியை மிதித்திருந்தால்தான் குற்றம், முடியைப் பிடித்துக்கொண்டு போனவள் எந்தப் படியை மிதித்தாள், நடு வீட்டிலிருந்து நடு வீட்டுக்கு அல்லவா போயிருக்கிறாள் என்று எஸ்தர் டீச்சர் கேட்டதோடு வழக்கு முடிந்தது. எனக்கு இந்த வழக்கு எதுவும் காதில் விழவில்லை. போய்ச் சேர்ந்தாளா என்பது ஒன்றுதான் எனக்கு.

மறுநாள் மத்தியானம் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அத்தை, நான் பூரணி பேசுதேன் என்றாள். எங்கட்டி இருக்க என்று மட்டும் கேட்டேன். ஓசூர் என்றாள். குரல் அப்படியே இருந்தது. அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் வேலைக்குப் போயிருந்தார் அத்தை, நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எப்போதும் போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன், பின்னுகிற கை விளக்குப் போட்ட உடனே போய்விடும், தினமும் அப்படித்தான் போகும், நேற்று பக்கத்து வீட்டில் லைட்டைப் போட்டார்கள், எங்கள் வீட்டிலும் போட்டேன், கை போகவில்லை, அப்படியே இருந்தது என்றாள். நீ திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டேன். பயமாக இருந்தது அத்தை, பார்த்தால் போய்விடுமோ என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அம்மா என்ன சொன்னாள், திட்டினாளா, அழுதாளா, ஏதாவது சொல்லித்தானே இருப்பாள் என்று நான் அவசரப்பட்டேன். அவளுக்குப் பின்னால் பிள்ளை ஏதோ கத்துகிற சத்தமும், அதைச் சீராட்டுகிற உலகம்மாள் குரலும் எனக்குக் கேட்டது.

சடையை நுனி வரைக்கும் பின்னி முடித்துவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: “பிள்ளைய எங்கிட்ட குடு. நீ போயி சாப்பிட்டுட்டு வா.”

பிள்ளை பெற்ற நாளிலிருந்து நேற்றுத்தான் சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டேன் அத்தை என்றாள் பூரணி.